பேரிகை மாப்பிள்ளைப் பாட்டு

சூளகிரியில் கம்பெனி பஸ் ஏறி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, ஓசூர் போய்ச் சேரும்வரை ஒரு குட்டித் தூக்கம் போடலாமா என்று மாதேஸ்வரி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், பின் சீட்டுப் போன் ஒன்றிலிருந்து அவளுடைய பதினாலு வயதுக் குரல் பாட ஆரம்பித்தது.

பேரிகை மாப்ள வந்தாரு,
பெரிய கம்பெனி ஆளுன்னாரு,
சட்டையில ஒரு பேரு,
சாதகத்துல ஒரு பேரு,
மாமா மாமா, நீங்க யாரு?

கடைசி வரிக்குப் பிறகு ஷிப்ட் சங்கு ஊதும். நிஜச் சங்கு இல்லை, ஓர் ஆள் வாயாலேயே ‘ஊ’ என்று இழுப்பது. அது ஓய்ந்ததும் ஒரு சிறுமி அடக்கமாட்டாமல் சிரிப்பாள். பஸ்ஸில் இருந்த முப்பது பேரும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். மாதேஸ்வரிக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரியின் பின்தலையைத்தான் அவள் பார்த்தாள். பேரிகை ஊரிலேயே ஏறி வருகிறவர் அவர் ஒருவர்தான். திரும்பிப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாட்டைப் போட்டவன் ஹரீஷ்குமார். ராயக்கோட்டைப் பையன், இருபத்தைந்து வயது, மெஷின் ஆபரேட்டர். கெட்டவன் இல்லை. வேலையும் சுத்தமாகச் செய்வான். ஆனால் பழைய கிறுக்குப் பாட்டு என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் போதும், சோறு தண்ணீர் மறந்துவிடும். தும்மல் பாட்டு, கொட்டாவிப் பாட்டு, மாமியாருக்குப் பல் விழுந்த பாட்டு, இப்படி ஊர் மறந்துபோன கேலிப் பாட்டுகளை எல்லாம் பழைய கேசட்டுகளில் தேடிப்பிடித்து, ‘பாட்டுக்குப் பொறந்த பாட்டு’ என்று போனில் ஒரு பக்கம் நடத்திவந்தான். ஒரு பாட்டு எந்தப் பாட்டின் வயிற்றில் பிறந்தது, அதற்கு எத்தனை பிள்ளைகள் என்று வம்சாவளி போடுவதுதான் அதில் விசேஷம்.

பேரிகை மாப்பிள்ளைக்கும் வம்சாவளி போட்டுவிட்டான். மெட்டு தெலுங்குக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் பொண்ணு வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் பண்ணிப் பாடுவதாம். அதைக் கிருஷ்ணகிரியில் ஒருத்தர் எடுத்துத் தமிழில் கட்டினாராம். அங்கிருந்து அத்திப்பள்ளி ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய், பேரிகையை ஆனேக்கல் ஆக்கிக் கன்னடத்தில் பாடினார்கள். ஒரு தேர்தலில் கட்சி மாறினவரைக் கேலி செய்ய, சட்டையில் ஒரு கட்சி, சாதகத்தில் ஒரு கட்சி என்று ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு சர்ச் கிறிஸ்துமஸ் விழாவில் தாத்தா வேஷம் போட்டவரின் ஒட்டுதாடி கழன்று விழுந்தபோது பிள்ளைகள் இதே மெட்டில்தான் பாடினார்களாம். இப்போது ரீல்ஸ். பெங்களூரில் கழுத்தில் இரண்டு அடையாள அட்டை தொங்கவிட்டிருப்பவன் ஆடுகிறான். நாயின் பேர் எழுதின பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு பூனை நடக்கிறது. இரண்டு லட்சம் பேர் ஆடிவிட்டார்கள்.

இவ்வளவையும் கண்டுபிடித்தவனுக்கு ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்தச் சிறுமி யார்? கேசட் அட்டையில் ‘குழுவினர்’ என்றுதான் இருந்தது. பாடகியைக் கண்டுபிடித்தால் தன் பக்கம் எங்கேயோ போய்விடும் என்று அவன் ஏங்கிக்கொண்டிருந்தான். அந்தப் பாடகி அவனுக்கு மூன்று சீட் முன்னால், பிளாஸ்டிக் பையின் காதைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது, ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் சூப்பர்வைசர், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பிரேக் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிற கறார்ப் பேர்வழி.

பாட்டு உண்டானது தொண்ணூற்றேழாம் வருஷம். மாதேஸ்வரியின் அக்கா ஜோதிமணியைப் பெண் பார்க்க வந்தவர் இந்தத் தீர்த்தகிரிதான். அந்தக் காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஓசூர் கம்பெனி மாப்பிள்ளைக்கு இருந்த மவுசே தனி. பட்டு வேட்டி கட்டி வந்தால்கூட அவ்வளவு மதிப்பில்லை, கம்பெனிச் சட்டையோடு வந்தால்தான் பெண் வீட்டார் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அதிலும் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். காக்கி என்றால் கான்ட்ராக்ட், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீலம் என்றால் பர்மனன்ட். நீலச் சட்டைக்கு மட்டும்தான் பையின் மேல் நூலால் பேர் தைத்திருக்கும்.

தீர்த்தகிரி நீலச் சட்டையில்தான் வந்தார். ஆனால் பையின் மேல் ‘ஆனந்தராஜ்’ என்று தைத்திருந்தது. அதை முதலில் பார்த்தவர் மாதேஸ்வரியின் தாய்மாமன் வெங்கடசாமி. கிருஷ்ணகிரியில் கேசட் பதிவுசெய்கிற கடை வைத்திருந்தார். ஊசியாகக் கேலி பேசுவார், அதற்கே ஊரில் ரசிகர்கள் உண்டு. ஆனந்தராஜ் யாருங்க என்று அவர் கேட்க, மாப்பிள்ளைக்கு வாய் குழறிவிட்டது. நண்பர் என்றார், அதற்குமேல் சொல்ல வரவில்லை. மாமா சிரித்தார். கூடவே எல்லாரும் சிரித்தார்கள். இரவல் சட்டை போட்டு வந்த கான்ட்ராக்ட் பையன் என்று தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று. கம்பெனியில் போய் ஒரு வார்த்தை விசாரிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்தவர் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்.

பதினைந்தே நாளில் மாமா பாட்டுக் கட்டிவிட்டார். கேள்வி கேட்க ஒரு சின்னப்பெண் குரல் வேண்டும் என்று மாதேஸ்வரியைக் கடைக்கு அழைத்துப்போய், மெத்தை அடித்த சின்ன அறையில் நிறுத்திப் பாட வைத்தார். மாமா சங்கு ஊதும்போது அவர் கன்னம் உப்பியதைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லா இருக்கு என்று மாமா அப்படியே விட்டுவிட்டார். பொங்கலுக்குள் பாட்டு டவுன் பஸ்களில் ஓடியது. காது குத்து, மஞ்சள் நீராட்டு என்று எங்கே மைக் கட்டினாலும் ஓடியது. பள்ளிக்கூடத்தில் மாதேஸ்வரி ஒரு வருஷம் ராணியாக நடந்தாள். பேரிகையில் ஓர் ஆள் என்ன ஆனார் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இதை இப்போது நினைத்தாலும் அவளுக்குக் கூசும்.

கல்யாணமாகிச் சூளகிரிக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்தபின் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். மெயின்டனன்ஸில் தீர்த்தகிரி என்று ஒரு சீனியர், பேரிகைக்காரர் என்று தெரிந்தபோதே சந்தேகம் தட்டியது. ஆனாலும் அவர்தான் இவர் என்று நம்பாமல் கொஞ்ச நாள் ஓட்டினாள். ஒருநாள் கேன்டீனில் அவரே சொன்னார். பெண் பார்க்கப் போன காலையில் மூன்றாவது ஷிப்ட் முடிகிற நேரத்தில் சட்டை பூரா கூலன்ட் ஆயில் கொட்டிவிட்டது. ஒன்பது மணிக்கு ராகுகாலம், அதற்குள் போய்ச் சேர வேண்டும். தரகர் வேறு கம்பெனிச் சட்டையிலேயே வா என்று சொல்லியிருந்தார். பக்கத்து லாக்கர்க்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன் என்றார். பேரை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தாராம். இதைச் சொல்லிவிட்டு மோர் குடித்தார். அந்த மாதமே நோட்டீஸ் போர்டில் நீண்டகாலப் பணிக்கான பரிசுப் பட்டியல் ஒட்டினார்கள். தீர்த்தகிரி, பணி நிரந்தரம் தொண்ணூற்றாறு என்று அதில் இருந்தது. பெண் பார்க்க வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அக்கா. ஜோதிமணியைக் காவேரிப்பட்டினத்தில் லாரி வைத்திருந்தவருக்குக் கொடுத்தார்கள். லாரியும் போனது, குடி மட்டும் மிஞ்சியது. அக்கா இட்லிக் கடை போட்டு இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினாள். அவள் அடிபட்டு அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: அந்தப் பேரிகை ஃபிராடுக்குப் போயிருந்தா இதவிட மோசமாயிருக்கும்டி. அக்கா தலையாட்டுவாள். அந்த ஒரு நம்பிக்கையையும் பிடுங்கிப்போடுவதா என்று மாதேஸ்வரி வாயைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் தீர்த்தகிரி அவளுக்கு அண்ணா ஆகிவிட்டார். பன்னிரண்டு வருஷம் ஒரே கேன்டீன் மேஜை. அவர் வீட்டுக் கீரை இவள் தட்டுக்கும், இவள் புளிக்குழம்பு அவர் தட்டுக்கும் போய்வந்தது. நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாகத்தான் ஆனது.

போனில் பாட்டு ஓடின அன்றைக்குப் பஸ் ஓசூருக்குள் நுழையும்போது ஹரீஷ்குமார் எழுந்து முன்னால் வந்தான். ஆயுத பூஜைக்கு எல்லா வருஷமும் எல்லார் குடும்பமும் கம்பெனிக்கு வரும், பூஜை முடிந்ததும் ஆட்டம் பாட்டு இருக்கும். இந்த வருஷம் பேரிகை மாப்பிள்ளையை நாடகமாகவே போடப்போகிறார்கள், மாப்பிள்ளைக்கு அசல் பேரிகைக்காரரே கிடைத்தால் தூள் என்று அவன் தீர்த்தகிரியிடம் கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான். சுற்றியிருந்த பொடியன்கள் கை தட்டினார்கள். அந்தக் காலத்து ஆட்கள் இரண்டு பேர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தீர்த்தகிரி, பாக்கலாம்ப்பா என்றார். அவ்வளவுதான்.

மத்தியானம் மாதேஸ்வரி ஹரீஷ்குமாரை அளவுக் கருவிகள் வைக்கிற கேஜ் அறைக்குக் கூப்பிட்டாள். நீ தேடுற பொண்ணு நான்தான் என்றாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, ஏனென்றால் அடுத்ததாக மாப்பிள்ளை யார் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. பையன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். நாடகம் வேண்டாம் என்று நிறுத்திவிடுவதாகச் சொன்னான். தன் பக்கத்திலிருந்து பாட்டையும் எடுத்துவிடுகிறேன், ஆனால் இரண்டு லட்சம் பேர் ஆடினதை எடுக்க முடியாதே அக்கா என்றான். அது அவளுக்கும் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் கம்பெனியில் உற்பத்தி இல்லை. மெஷின்களைக் கழுவித் துடைக்கிற நாள். டீசல் வாசனையும் சந்தன வாசனையும் கலந்து அடித்தது. ஆளுக்கு ஒரு கொத்து காட்டன் வேஸ்ட் நூலை வைத்துக்கொண்டு வருஷத்து அழுக்கைச் சுரண்டினார்கள். மாதேஸ்வரி தன் இன்ஸ்பெக்ஷன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கிரைண்டிங் மெஷினைத் துடைக்கிற சாக்கில் தீர்த்தகிரி வந்து நின்றார். கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு மெஷினைப் பார்த்தபடியே பேசினார்.

“நாடகத்த நீதான் நிறுத்தச் சொன்னியாம். அந்தப் பையன் சொன்னான், காரணம் மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டான். எனக்குத் தெரியும்மா, எனக்காகத்தான நிறுத்தன?”

அவள் மேஜையின் மூலையைச் சுரண்டினாள். அவர் தொடர்ந்தார். அந்தப் பாட்டு வந்தபிறகு பதினோரு வருஷம் எனக்குப் பெண் கிடைக்கவில்லை, போகிற இடமெல்லாம் பாட்டு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது என்றார். முப்பத்தேழு வயதில்தான் கல்யாணம். மகள் ஹரிணி ஒன்பதாவது படிக்கிறாள். போன வாரம் அவளே கூடத்தில் நின்று அந்தப் பாட்டுக்கு ஆடி, அப்பா நம்ம ஊருப் பாட்டு என்று காட்டினாளாம். நல்லா ஆடற கண்ணு என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டிருந்தாராம்.

“இருபத்தெட்டு வருசத்துல அந்தப் பாட்ட நிறுத்துங்கன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா. கூடப் பொறந்தவகூட இப்பிடிச் செய்யமாட்டா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நன்றியை அவளால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த வேஸ்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், நடுவிலிருந்து ஆரம்பித்தாள்.

“அண்ணா, அதுல சிரிக்கிறது நான்தான். பாடுனதும் நான்தான். ஜோதிமணி எங்க அக்கா.”

மிச்சத்தையும் சொன்னாள். மாமா, கேசட் கடை, நோட்டீஸ் போர்டு, பன்னிரண்டு வருஷம், எதையும் விடவில்லை. தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளவும் இல்லை, சின்னப் பிள்ளைதானே என்றுகூடச் சொல்லவில்லை. அழுகை வந்தது, அதை அவரிடம் காட்டுவது நியாயமில்லை என்று முழுங்கினாள். மன்னிப்புக் கேட்டாள். அந்த வார்த்தை வாயைவிட்டு வந்ததும் அது எவ்வளவு சின்னது என்று அவளுக்கே தெரிந்தது.

தீர்த்தகிரி துடைப்பதை நிறுத்தியிருந்தார். கோபம் வருகிறதா என்று அவள் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு ஊர்ப் பேரை ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி நின்றார்.

“அவங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். “நான் பர்மனன்ட்டுன்னு?”

தெரியாது என்றாள்.

“இப்பயும் தெரியாதா?”

இல்லை என்று தலையை ஆட்டினாள். ஊர் சிரித்தது எல்லாம் பழகிவிட்டது என்று அவர் சொன்னார். பாட்டில் வருகிற ஆள் யாரோ, தான் யாரோ என்று பிரித்து வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டாராம். ஆனால் அன்றைக்குக் காபித் தட்டோடு வந்து நின்ற பெண் தன்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டே ஓர் ஆயுசைக் கழிக்கிறாளே, அது ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது என்றார்.

“ஒரு வார்த்த சொல்லிடும்மா. நான் ஏமாத்த வர்ல. வேற ஒண்ணும் வேணாம்.”

மாதேஸ்வரி போனை எடுத்துக்கொண்டு கேன்டீன் பக்கம் போனாள். அங்கே பொரிமூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். போகிற வழியெல்லாம் அக்காவின் முகம்தான் முன்னால் வந்தது. அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதலைத் தன் கையாலேயே எடுத்துவிடப்போகிறோம் என்று நடை தயங்கியது. சொல்லாமல் திரும்பிப்போய், சொல்லிவிட்டேன் என்று சொன்னால் அவர் நம்பத்தான் போகிறார். அப்படியும் ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு, இதற்குமேல் அந்த மனிதரிடம் ஒரு பொய் சொன்னால் தான் மனுஷியே இல்லை என்று முடிவுசெய்து நம்பரை அழுத்தினாள்.

ஜோதிமணி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது கிரைண்டர் நின்றது. எல்லாவற்றையும் கேட்டாள், குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. அழுகிறாளோ என்று மாதேஸ்வரி பயந்தாள். அக்கா பேசியபோது குரல் தெளிவாகவே இருந்தது.

“அன்னிக்கி என்னைய யாருடி கேட்டாங்க? மாமா சிரிச்சாரு, அப்பா சிரிச்சாரு, முடிஞ்சிபோச்சி. நான் வேணாம்னு சொல்லவே இல்ல. அத அவருகிட்டச் சொல்லு.”

அவ்வளவு சொல்லிவிட்டு, கடைக்கு ஆள் வந்திருப்பதாகப் போனை வைத்துவிட்டாள்.

மாதேஸ்வரி திரும்பி வந்தபோது தீர்த்தகிரி அதே மெஷினிடம் நின்றிருந்தார். மெஷின் பளபளவென்று இருந்தது, துடைக்க அதில் ஒன்றுமில்லை. அதன் நெற்றியில் சந்தனம்கூட வைத்தாகிவிட்டது. அக்கா நம்பிட்டாங்கண்ணா என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். வீடு, மனைவி, மகள் என்று நிம்மதியாக இருக்கிறவரிடம் இதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அது அவருக்கு வந்த சேதி, அதைப் பிடித்துவைத்துக்கொள்ள இவள் யார்? ஏற்கெனவே ஒன்றைப் பிடித்துவைத்திருந்தது போதும்.

“அக்கா அன்னிக்கி வேணாம்னு சொல்லலியாம்ணா. அவங்கள யாரும் கேக்கலியாம்.”

அவர் கையிலிருந்த வேஸ்ட்டைப் பார்த்தார். அதை உருண்டையாகச் சுருட்டினார். அந்தப் பக்கம் யாரோ மாவிலைத் தோரணம் கட்ட ஏணி கேட்டுக் கத்தினார்கள், இதோ வர்றன் என்று பதில் குரல் கொடுத்தார். போவதற்கு முன்னால் அவள் பக்கம் திரும்பினார்.

“பன்னெண்டு வருசம் ஒண்ணா சாப்பிட்டமே,” என்றார். “எப்பவாச்சும் ஒரு நாள் சொல்லியிருக்கலாமேம்மா.”

குரலில் கோபம் துளியும் இல்லை. ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர் வாசல் பக்கம் போனார். மறுநாள் பூஜைக்குக் குடும்பத்தோடு வந்தார், மகளைக் கூட்டிவந்து மெஷின்களைக் காட்டினார், மாதேஸ்வரிக்கும் பொரி கொடுத்தார். பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த நாள், கேன்டீனில் அவர் வேறு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.